முதுகு திறந்த ஒலிபெருக்கி

சின்ன ஸ்பீக்கர் ஒன்று, பெரிய வூஃபர் ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரு பலகை. பெட்டி கிடையாது. கரமனை அக்ரஹாரத்தில் ஒரு முதியவரின் கூடத்துக்குள் இது வந்து சேர்ந்த கதை.

அளவுக்கு அறுத்த பிளைவுட் பலகை இரண்டையும் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆசாரி இடுப்பில் கை வைத்து நின்றார். பலகையின் கீழ்ப்பாதியில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டத் துளை. அதற்கு மேலே காபித் தம்ளர் வாய் போல ஒரு சின்னத் துளை. அளவெல்லாம் சரி. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. "ஸாறே, பெட்டி எவிடே?"

பெட்டி இல்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்தது கோபமா பரிதாபமா என்று சொல்லத் தெரியவில்லை. திருவனந்தபுரத்தில் எத்தனையோ ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மரம் இழைத்தவர். பின்பக்கம் மூடாத ஸ்பீக்கர் அவரைப் பொறுத்தவரை பாதியில் நின்றுபோன வேலை.

வேலையைத் தொடங்கி வைத்தவர் என் மாமா. வயது 82. ஏஜீஸ் ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசய்யரும் சுவாதித் திருநாள் பேரில் அமைந்த இசைக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய ஊர் இது. சங்கீதம் கேட்பதை ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் மாமாவின் தலைமுறைக்குக் கோபம் வரும். அவர்களுக்கு அது நித்திய கர்மா. சனிக்கிழமை இரவு வானொலியின் அகில பாரத சங்கீத நிகழ்ச்சியை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைப்பது மாமாவின் வழக்கம். அப்படிச் சேர்ந்த கேசட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

துபாயில் இருக்கும் மகன் அப்பாவுக்காக ஒரு ஹோம் தியேட்டர் அனுப்பி வைத்தான். உள்ளங்கை அளவில் ஐந்து ஸ்பீக்கர்கள், மூலையில் உட்கார்ந்து உறுமும் ஒரு பெட்டி. இரண்டே மாதத்தில் மாமா கேசட் கேட்பதையே நிறுத்திவிட்டார். "சத்தம் நன்னாத்தான் இருக்கு. வார்த்தையைத்தான் காணோம்" என்றார் என்னிடம்.

முதலில் பார்க்க வேண்டியது காது. ஆக்குளத்தில் இயங்கும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கு அழைத்துப் போனோம். முதுமையில் வழக்கமாக நடப்பதுதான் என்று பரிசோதனை சொன்னது. கீழ் ஒலிகள் ஏறக்குறைய ஒழுங்காகக் கேட்கின்றன, மேலே போகப் போகக் கோடு சரிகிறது. உயிரெழுத்துகளின் பலம் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. ச, த, ட போன்ற மெய்களை அடையாளம் காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. ஆகவே யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. செவிக்கருவி எழுதிக் கொடுத்தார்கள். அதை மாமா டெலிபோனுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார், மற்ற நேரமெல்லாம் அது மூக்குக்கண்ணாடிக் கூட்டில் தூங்குகிறது. அது வேறு சண்டை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்த ஸ்பீக்கரும் காதுக்கு மருந்தாகாது. ஆனால் கெட்ட ஸ்பீக்கர் இருக்கிற காதையும் கெடுத்துக் காட்டும். பலமான கீழ் ஒலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடி மறைக்கும் என்பது செவியியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். மேல் ஒலிகள் மேல் ஒலிகளைத்தான் மறைக்கும், கீழே அவ்வளவாக இறங்காது. மூலையில் உறுமும் அந்தப் பெட்டி மாமாவிடம் மிச்சமிருந்த மெய்யெழுத்துகளையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில்லா ஸ்பீக்கர் யோசனை பேரனுடையது. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன். ஆங்கிலத்தில் நாலைந்து கட்டுரைகளை அச்செடுத்து வந்து, "இதைத் தாத்தாவுக்குப் புரியறாப்பல தமிழ்ல சொல்லணும், நீங்கதானே மொழிபெயர்க்கறவா" என்று என் தலையில் கட்டினான். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். 'பேஃபிள்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் திகைக்க வைப்பது என்றும் பொருள் உண்டு. தடுப்புப் பலகை என்று எழுதினேன். அதற்குள் நான் போதுமான அளவு திகைத்திருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் நேரெதிர். ஒன்றோடொன்று கலந்தால் கழிந்துபோகும். பனையோலை விசிறியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். காற்று ஓரத்தைச் சுற்றி நழுவி மறுபக்கம் போய்விடும், முகத்தில் ஒன்றும் படாது. படபடவென்று வீசினால் படும். மேல் ஒலி படபடப்பு, கீழ் ஒலி மெதுவசைவு. திருவனந்தபுரத்து வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ. 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதுவே 7 மீட்டர். அரை மீட்டர் அகலப் பலகை முந்தையதைத் தடுத்து நிறுத்தும். பிந்தையதோ பலகை ஒன்று இருப்பதையே கவனிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சங்கடம் ஒலிபெருக்கி பிறந்த நாளிலிருந்தே உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் காகிதக் கூம்பு, கம்பிச்சுருள் ஸ்பீக்கரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் விவரித்தார்கள். பலகையின் அவசியம் அப்போதே தெரிந்துவிட்டது. 1954இல் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி, ஆழ்ந்த கீழ் ஒலியை வரவழைத்துக் காட்டினார். அதன் பிறகு வீட்டு ஸ்பீக்கர் என்றாலே பெட்டி என்று ஆயிற்று. பலகை மறந்துபோயிற்று.

ஆனால் நம் வீடுகளில் மறக்கவில்லை. திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் 1943 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் வந்தது. 1950 ஏப்ரலில் அதை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. அந்த ஒலிபரப்புகளைக் கேட்ட வால்வு ரேடியோக்களை நினைத்துப் பாருங்கள். மர்ஃபியோ பிலிப்ஸோ, முன்னால் துணி போர்த்திய மரப்பலகை, பின்னால் வெறும் துளை போட்ட அட்டை. வால்வுகளின் சூடு வெளியேறத்தான் அந்தத் துளைகள், ஆனால் ஸ்பீக்கரின் முதுகு ஒலியும் அவற்றின் வழியேதான் போயிற்று. பேரன் அமெரிக்கக் கட்டுரையில் கண்டுபிடித்து வந்த அதிசயம் மாமாவின் கல்யாணச் சீராக வந்த ரேடியோவிலேயே இருந்தது. "அந்த ரேடியோவிலே வாய்ப்பாட்டு மனுஷா பாடறாப்பல இருக்கும்" என்று மாமா சொன்னதைக் கிழவர்களின் பழம்பெருமை என்று நான் ஒதுக்கியிருந்தேன். தவறு என்னுடையது.

முதல் முயற்சியாக 4 அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரை மட்டும் பலகையில் மாட்டினான். ஃபுல் ரேஞ்ச் என்றால் மேல், நடு, கீழ் எல்லாவற்றையும் ஒரே கூம்பு பாடும் என்று பெயர். பெயர் கொஞ்சம் மிகை. குரல் அற்புதமாக நின்றது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிற்று. வலந்தலையின் நாதம் மட்டும் தனியே தட்டிக்கொண்டிருந்தது. தம்புரா கொசு ரீங்காரமாயிற்று. "பாதிக் கச்சேரி" என்றார் மாமா.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒலி அளவு குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், மூடிய பெட்டியில் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். திறந்த பலகையில் எட்டு மடங்கு. இரண்டு ஸ்தாயிக்கு 64 மடங்கு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே நகரக்கூடிய சின்னக் கூம்புக்கு இது நடக்கிற காரியமில்லை. தூரத்தைக் கூட்ட முடியாதபோது பரப்பைக் கூட்ட வேண்டும். 4 அங்குலக் கூம்பின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. 15 அங்குல வூஃபரின் பரப்பு சுமார் 850. பதினாறு பதினேழு சின்ன ஸ்பீக்கர்கள் ஒன்றாகச் சேர்ந்து தள்ளுவது போல. குரலைச் சின்னதிடமும் தரையதிர்வைப் பெரியதிடமும் கொடுத்துவிடுவதுதான் இந்த ஜோடியின் சூட்சுமம்.

எந்த இடத்தில் பிரிப்பது? கடையில் வாங்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் பிரிவு பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் பேச்சின் மெய்கள் குடியிருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். பட்டுப்புடவையின் நடு உடலில் ஒட்டுப் போட்ட மாதிரி. இங்கே ஒட்டு 200 ஹெர்ட்ஸில், கொசுவத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதற்கு மேலே குரல் முழுக்க ஒரே கூம்பு, ஒரே இடம். எளிய முறையில் பிரிக்க, 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு வூஃபரோடு தொடராக 6.4 மில்லிஹென்றி சுருளும் சின்னதோடு தொடராக 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். கெப்பாசிட்டர் துருவமில்லாத வகையாக இருக்க வேண்டும், பவர் சப்ளையில் போடும் சாதாரண வகை உதவாது. பிறகு வூஃபரின் இரண்டு கம்பிகளையும் ஒருமுறை மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும். எது நிறைவாக ஒலிக்கிறதோ அதுதான் சரி, இதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

சுலபமாக எழுதிவிட்டேன். நடந்தது அப்படியல்ல. வூஃபர் வாங்கப் போன கடையில், கல்யாண மண்டபங்களுக்குப் போகும் சரக்கு என்று சொல்லி, தூக்க முடியாத காந்தம் வைத்த 15 அங்குலம் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் காந்தத்தின் எடையைப் பார்த்துத்தான் ஸ்பீக்கருக்கு விலை பேசுவோம். கொண்டுவந்து மாட்டினால் கீழ் ஒலியே இல்லை! கடைக்காரர் ஏமாற்றவில்லை. அது நல்ல சரக்குதான், பெட்டிக்காகச் செய்தது. பலமான காந்தம் கூம்பை இறுகப் பிடித்து அடக்குகிறது. பலகையில் ஏற்கெனவே கீழ் ஒலி ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் சரிந்துகொண்டிருக்கிறது. பற்றாக்குறைக்கு அடக்குமுறை வேறு.

இங்கே வேண்டியது இதற்கு நேர்மாறு. தன் இயல்பான அதிர்வெண்ணில் கொஞ்சம் துள்ளுகிற, காந்தம் மெலிந்த வூஃபர். அந்தத் துள்ளல் பலகையின் சரிவை ஈடுகட்டும். துள்ளலை க்யூடிஎஸ் என்ற எண்ணால் குறிப்பார்கள். பெட்டி வூஃபர்களுக்கு 0.3, 0.4 என்று இருக்கும், பலகைக்கு 0.7க்கு மேல் வேண்டும். பலகைப் பிரியர்கள் உலகெங்கும் தேடி வாங்கும் அமெரிக்க எமினென்ஸ் ஆல்ஃபா 15ஏ வூஃபருக்கு அது 1.26. அந்த நிறுவனத்தின் சரக்கில் விலை குறைந்தவற்றில் ஒன்று அது. பழைய ரேடியோ ஸ்பீக்கர்களுக்கும் காந்தம் சிறியதுதான். மலிவான சரக்கு சரியான சரக்காக இருக்கும் இடம் வாழ்க்கையில் அபூர்வம், ஒன்று அகப்பட்டது. கனமான காந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்து, மெலிந்ததாகப் பார்த்து வாங்கினோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பெரிய வூஃபர் ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் என்றால் சின்னது 88தான் தரும். பெட்டியில் என்றால் பெரியதன் குரலைச் செயற்கையாகத் தணிக்க வேண்டும். பலகையிலோ அந்த 8, 9 டெசிபல் கழிவுக்கே போய்விடுகிறது. ஆர்ப்பாட்டக்கார அண்ணனுக்கும் மெல்லப் பேசும் தம்பிக்கும் சமரசம் தானாக நடந்துவிடுகிறது. வூஃபரைத் தரையை ஒட்டி வைத்தால் தரையும் பலகையின் நீட்சியாக உதவும். பக்கவாட்டில் பின்னோக்கிச் சிறகு போல இரண்டு துண்டுப் பலகை வைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆழமாக வைத்தால் குகைச் சத்தம் வரும். பேரன் அதையும் செய்து பார்த்துவிட்டுக் கழற்றினான்.

பெட்டி இல்லாததால் கிடைக்கும் பெரிய லாபம், அதிரப் பெட்டியே இல்லை என்பது. பெட்டிக்குள் அடைபட்ட முதுகு ஒலி மெல்லிய காகிதக் கூம்பின் வழியே தாமதமாக வெளியே கசியும், பக்கச் சுவர்களும் சேர்ந்து முனகும். இரண்டாவது லாபம் நம் வீடுகளுக்கென்றே வாய்த்தது. பலகையின் ஒலி எட்டு என்ற எண்ணின் வடிவில் முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் போகாது. எல்லாத் திசையிலும் பரவும் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும் அளவு குறையாமல், அறைக்குள் சிதறும் ஒலி மூன்றில் ஒரு பங்காகிறது. சிமென்டுத் தரை, மொட்டைச் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்று இருக்கும் கூடத்தில் எதிரொலி குறைவது சாதாரண விஷயமல்ல. கோட்டையில் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் பாடகரின் குரல் எப்படித் தெளிவாக நிற்கிறது என்று ஊரே பேசும். கூரையடியில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகளைக் காரணமாகக் காட்டுவார்கள். மாமா வீட்டில் பானை கட்ட இடமில்லை.

ஜெர்மனியில் 1935இல் பிறந்து, அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கார்டில் பல்லாண்டு வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் இந்த எட்டு வடிவ ஒலிக்காகவே வாதாடியவர். 1976இல் ரஸ் ரைலியோடு சேர்ந்து அவர் வகுத்த பிரிப்பான் சுற்று இருவர் பெயராலும் இன்று உலகமெங்கும் வழங்குகிறது. பிற்காலத்தில் ஓரியன், எல்எக்ஸ்521 என்று பெட்டியில்லாத ஸ்பீக்கர்களை வடிவமைத்தார். 2018இல் காலமானார். அவருடையவை எலெக்ட்ரானிக் திருத்தங்களோடு நாலு வழி வரை பிரியும் பெரிய காரியங்கள். கரமனையில் நடந்தது அதன் ஏழைச் சொந்தக்காரன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சின்னக் கூம்பு 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் டார்ச் விளக்கு போல நேரே மட்டும் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் மேல் ஒலி மங்கும். மாமாவின் சாய்வு நாற்காலி முப்பது வருஷமாக ஒரே இடத்தில் இருப்பதால் பாதகமில்லை. பூகம்பம் போன்ற ஆழ்ந்த ஒலி இதில் வராது. வீக்கன் செண்டையோ இன்றைய சினிமாப் பாட்டோ கேட்பவர் ஏமாறுவார். கர்நாடக சங்கீதத்துக்கு அவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. ஒரு கட்டை சுருதிக்காரரின் தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ்தான். மண்டபம் நிறையச் சத்தம் வேண்டுமென்றாலும் இது ஆகாது. இது கூடத்துச் சரக்கு. ஈரம் வேறு. இடவப்பாதி தொடங்கினால் இந்த ஊரில் காகிதம் அப்பளமாக நமக்கும். நுரை விளிம்பு வைத்த வூஃபர்கள் சில வருஷத்தில் பொடியாக உதிரும். துணி விளிம்பாகப் பார்த்து வாங்க வேண்டும், பலகையும் நீர் தாங்கும் பிளைவுட்டாக இருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை இடம். பலகைக்குப் பின்னால் மூன்றடியாவது காலி வேண்டும், சுவரோடு ஒட்டி வைத்தால் முதுகு ஒலி திரும்பி வந்து குரலைக் கலக்கும். அக்ரஹாரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி, நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு நாள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கடைசியில் வழி சொன்னது மாமாதான். வீட்டு நடுவே மழை விழும் சின்ன முற்றம் இருக்கிறது. அதன் விளிம்பில் பலகைகளை நிறுத்தி, கூடத்தைப் பார்க்க வைத்தோம். முதுகு ஒலி முற்றத்துக்குள் இறங்கி ஆகாசத்தில் போயிற்று. இவ்வளவு பெரிய பின்னறை எந்த அமெரிக்கனுக்கும் வாய்க்காது.

அன்று மாலை போட்ட கேசட் ஒரு சனிக்கிழமைக் கச்சேரி. வயர் போட்டு எடுத்ததல்ல. ரேடியோவுக்கு எதிரில் டேப் ரிக்கார்டரை வைத்து அதன் மைக்கிலேயே பிடித்தது. ஆகவே தெருவில் போன சைக்கிள் மணியும் அதில் உண்டு. ஆலாபனை, தம்புரா, மிருதங்கம் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. தொப்பி வந்துவிட்டது என்று பேரனுக்குச் சந்தோஷம். மாமா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தனியாவர்த்தனத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிக மெல்ல, சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏன்னா, காபி ஆறிப் போறது."

மாமி போனது 2011இல்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, டேப்பை நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி போட்டார். மூன்று முறை. பேரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கேசட்டை ஹோம் தியேட்டரில் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறாராம். இந்த வாக்கியம் அதில் இருப்பது தெரியாதாம். "'ஆறி'ங்கறது கேட்கறது பாரு" என்றார் என்னிடம்.

இப்போது டிரங்குப் பெட்டிக் கேசட்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்தவற்றின் அட்டையில் பென்சிலால் ஏதோ குறித்து வைக்கிறார், பாடகர் பெயரல்ல. செவிக்கருவியையும் இந்த வேளைக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

ஆசாரி அடுத்த வாரம் திரும்பி வருகிறார். பலகைகளின் அடியில் சக்கரம் வைக்க வேண்டும். துலாவர்ஷம் தொடங்கிவிட்டால் சாயங்காலத்தில் முற்றத்தில் சாரல் அடிக்கும், தள்ளி உள்ளே வைத்தாக வேண்டும். பின்பக்கத்துக்குப் பெட்டி அடித்துத் தரட்டுமா, கூலி வேண்டாம் என்று போனில் மறுபடியும் கேட்டிருக்கிறார்.